ஆறாம் நம்பர் அண்ணாச்சி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள், எனக்கு வேண்டாம். வெளியே ஓடுகிற மரத்தைப் பார்ப்பதைவிட ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கும். மதுரை வரைக்கும் தானே? நானும் மதுரைதான், அங்கிருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ். நல்லதாய்ப் போயிற்று. முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் எங்கே என்று கேட்டீர்கள் இல்லையா? அடையாறு. மகிழம்பூ அவென்யூ. பார்த்தீர்களா, உங்கள் புருவம் மேலே போய்விட்டது! எல்லாருக்கும் போகும். ஆட்டோக்காரருக்குக்கூடப் போகும். ஏறும்போது "அக்கா" என்பவர், தெருப் பேரைச் சொன்னதும் "மேடம்" ஆகிவிடுவார்.

ஆனால் நாங்கள் பணக்காரர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சங்கரசுப்பு ஒரு ஜப்பான் கம்பெனியில் இன்ஜினியர். கம்பெனி அந்த வீட்டை ஒரு ஜப்பான் அதிகாரிக்காக எடுத்திருந்தது. அந்த அதிகாரியின் சம்சாரம் ஒரே ஒரு சித்திரை மாதத்தைப் பார்த்தார், அவ்வளவுதான், விமானம் ஏறிவிட்டார். பின்னாலேயே அவரும் ஏறிவிட்டார். வீடு சும்மா கிடந்து பாழாகக் கூடாது என்று இவரிடம், "மூன்று மாதம் குடியிருந்து பார், பிடித்தால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு, சென்னை வேலையும் நிரந்தரம். பிடிக்காவிட்டால் பழையபடி தூத்துக்குடி" என்று சொன்னார்கள். சென்னைக்கு மாற்றல் கேட்டு நாலு வருஷம் காத்திருந்த மனுஷர். குதித்துக்கொண்டு வந்தார். நானும் குதித்துக்கொண்டுதான் வந்தேன்.

வந்து பார்த்தால், தெருவில் பத்து வீடு. எங்களுடையது கடைசி, பத்தாம் நம்பர். ஒவ்வொரு வீடும் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. ஆனால் பந்தியில்தான் ஆளே இல்லை! கேட் இருக்கிறது, கேட்டுக்குப் பின்னால் மரம் இருக்கிறது, மரத்துக்குப் பின்னால் கண்ணாடி இருக்கிறது, கண்ணாடிக்குப் பின்னால் திரை இருக்கிறது. திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். கார் வரும், கேட் திறக்கும், கார் உள்ளே போகும், கேட் மூடும். காருக்குக்கூடக் கறுப்புக் கண்ணாடி.

நான் விடுகிற ஆளா? முதல் வாரமே முந்திரிக்கொத்து செய்தேன். டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்குப் போனேன். கேட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் அதிலிருந்து ஒரு குரல்.

"யாரு?"

"நான் பக்கத்து வீடுங்க. புதுசா வந்திருக்கோம். முந்திரிக்கொத்து கொண்டாந்திருக்கேன்."

"டெலிவரியா?"

"டெலிவரி இல்லங்க, முந்திரிக்கொத்து."

"கேட்டுக்கிட்ட வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அதே டப்பா எங்கள் கேட்டில் உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒரு சீட்டு. "நாங்கள் ஆர்டர் செய்யவில்லை." எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் திறந்து எண்ணிப் பார்த்தேன். பதினாறு வைத்திருந்தேன், பதினாலுதான் இருந்தது. ரெண்டைத் தின்று பார்த்திருக்கிறார்கள்! அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் எத்தனை நாள் ரெண்டு முந்திரிக்கொத்தை நினைத்துச் சிரிக்க முடியும்? இவர் ஏழு மணிக்குப் போனால் ராத்திரிதான் வருவார். அந்த வீட்டில் என்னோடு பேசின ஒரே ஆள் யார் தெரியுமா? ஜப்பான்காரர் விட்டுப்போன சோறு பொங்குகிற மெஷின். சோறு வெந்ததும் சின்னதாய் ஒரு பாட்டுப் பாடும், அப்புறம் அந்த பாஷையில் பணிவாக ஏதோ சொல்லும். நான், "சரி தம்பி, இறக்கிடுதேன்" என்று பதில் சொல்வேன். ஒருநாள் இவர் சீக்கிரம் வந்துவிட்டார். நான் மெஷினிடம் எங்கள் சித்தி மகள் கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"ஆவுட," என்றார் மெதுவாக. என் பேர் ஆவுடைச்செல்வி. "உனக்கு இங்க ஒத்துக்கலியோ?"

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. "ஒத்துக்கல. நான் ஊருக்குப் போறேன். நீங்க இந்தத் தம்பிகூடக் குடித்தனம் பண்ணுங்க."

"மூணு மாசம் இன்னும் முடியலியே. என்ன செய்யணும்னு சொல்லுதே?"

"நவராத்திரி முடியறதுக்குள்ள இந்தத் தெருவில இருந்து ஒரே ஒரு ஆள் நம்ம வீட்டு நடையேறி வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கணும். ஒரே ஒரு ஆள். வரலன்னா விஜயதசமி அன்னைக்கு நான் ரயில் ஏறிருவேன்."

இவர் முகம் செத்துவிட்டது. மறுநாள் ஆபீஸ் போகிறபோது எதிர் கேட்டுக்கு ஒரு வணக்கம் போட்டுப் பார்த்தார். கேட் எப்படி வணக்கம் சொல்லும்?

எங்கள் குடும்பத்தில் கொலு வைக்கிற பழக்கம் கிடையாது. பொம்மையும் கிடையாது. ஆனால் கொலுவுக்கு என்று கூப்பிட்டால் யாரும் வரமாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டால் கட்டாயம் வந்தாக வேண்டும் என்று தெரியும். யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது? பொத்தானை அழுத்தினால் மறுபடி டெலிவரி ஆகிவிடுவேன். யோசித்து யோசித்து ஒரு விடிகாலையில் பளிச்சென்று தோன்றியது. கோலம்!

எங்கள் ஊரில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவள்தான் அந்த வீட்டுக்காரி. அதை இன்னொருத்தி கையில் விடுவார்களா? மாமியாருக்கும் மருமகளுக்கும் போட்டி வந்தால் சாவிக்கொத்துக்கு வராது, கோலப்பொடி டப்பாவுக்குத்தான் வரும். இந்தத் தெருவிலும் எட்டு மணிக்குப் பால் வாங்க நான் வெளியே வருகிறபோது ஒன்பது வாசலிலும் கோலம் இருக்கும். அப்படியென்றால் அதற்கு முன்னால் ஒன்பது வீட்டுக்காரிகளும் வெளியே வந்திருக்கிறார்கள்! நான் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டு, தெருவில் ஆளே இல்லை என்று பழி சொல்லியிருக்கிறேன்.

புதன்கிழமை ஐந்தே முக்காலுக்குக் குங்குமச் சிமிழோடு இறங்கினேன். அய்யோ, அந்தக் காட்சியைக் கேளுங்கள்! ஒன்பது வாசலிலும் ஒன்பது பெண்கள் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வீட்டுக்காரிகள், நைட்டிமேல் ஒரு துண்டு, தலையில் ஒரு கொண்டை, கையில் துடைப்பம். வேலைக்காரியை ஏவாமல் தானே வாசல் கூட்டி, தானே தண்ணீர் தெளித்து! பணம் வந்தாலும் பழக்கம் போகவில்லை பாருங்கள்.

முதலில் ஆறாம் நம்பரிடம் போனேன். அந்தக் கோலம்தான் பெரிசு.

"அக்கா, நான் பத்தாம் நம்பர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக் கொலுவுக்கு வரணும். குங்குமம் எடுத்துக்கங்க."

அந்த அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. "என்னையாக்கா கூப்பிடறீங்க?"

"உங்களத்தான். கோலம் போட்டது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப நீங்கதான். குடும்பத்தோட வரணும். உங்க பேரு?"

"பூச்செல்வி." கையைத் துண்டில் துடைத்துவிட்டுக் குங்குமத்தைத் தொட்டார். "எங்களையெல்லாம் இந்தத் தெருவுல யாரும் கூப்பிட்டதே இல்லக்கா. வந்து எட்டு வருஷம் ஆவுது."

எட்டு வருஷம்! நான் ரெண்டரை மாதத்துக்கு அழுதுகொண்டிருக்கிறேன். அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை கரடு முரடாக இருந்தது. தோட்ட வேலையும் தானே செய்வார் போல.

ஒன்பது பேரும் அதே கேள்விதான். "நாங்களா?" "எங்களையா?" "வீட்டுக்குள்ளயா?" மூன்றாம் நம்பர், "முன்பக்கமா வரணுமா, பின்பக்கமா வரணுமாக்கா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! எவ்வளவு கூச்சம், எவ்வளவு அடக்கம்.

அப்புறம் என்ன, ரெண்டு நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை. ஜப்பான்காரரின் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே இவருடைய வேட்டியை விரித்து ஐந்து படி. கடையில் வாங்கிய செட்டியார் செட்டியாரம்மா ஒரு ஜோடி, ஒரு பிள்ளையார், ரெண்டு யானை. மீதி இடத்துக்கு எங்கே போவது? இவருக்குக் கம்பெனியில் கொடுத்த கேடயம், கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி மயில், மூக்கு உடைந்த ஒரு கிருஷ்ணர். அப்படியும் மேல் படியில் நடு இடம் காலி. சோறு பொங்குகிற தம்பியைத் துடைத்து, பொட்டு வைத்து, மேலே ஏற்றிவிட்டேன். கம்பீரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து அடிப்பதற்குள் வந்துவிட்டார்கள். ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர் இல்லை, முப்பத்தொரு பேர்! பெண்கள், பிள்ளைகள், பின்னாலேயே அவர்கள் வீட்டு ஆண்கள் தலையை வாரி, சட்டையை மாற்றிக்கொண்டு. ஒவ்வொருத்தி கட்டியிருந்த பட்டும் அசல் காஞ்சிபுரம். கொஞ்சம் பழசுதான், ரவிக்கைதான் ஒன்றுக்கும் பொருந்தவில்லை. பரம்பரைப் பணக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள். புதுசு புதுசாக எடுத்து மினுக்க மாட்டார்கள்.

பேரைக் கேட்டால் நம்பர்தான் முதலில் வரும். "நான் மூணாம் நம்பருக்கா." "நான் எட்டு." வீட்டின்மேல் அவ்வளவு பற்று.

எட்டாம் நம்பர் என் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எத்தினி பாத்ரூம்க்கா?" என்று கேட்டார்.

"நாலு."

"குடுத்து வச்சவங்க. எங்க வீட்ல ஏழு. கழுவி மாளல."

எனக்குத் தலை சுற்றியது. ஏழு! அதையும் தானே கழுவுகிறார்!

சிரிப்பு என்றால் சிரிப்பு, அப்படிச் சிரித்தோம். மூன்றாம் நம்பர் கும்மி அடிக்க ஆரம்பித்தார், பிள்ளைகள் எல்லாம் தம்பியின் பொத்தானை அழுத்தி அழுத்தி ஜப்பான் பாட்டுப் போட்டார்கள், அந்தப் பாட்டுக்கே கும்மி. நான் சுண்டல் கிண்ணங்களை எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள், குடித்த டம்ளர்களை எல்லாம் அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். "ஐயோ, நீங்க போயி செய்யலாமா!" என்று நான் கத்துகிறேன், "கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா" என்கிறார் பூச்செல்வி அக்கா. எங்கள் ஊரில் ஒரு ரைஸ்மில்காரி இருக்கிறாள், வந்தால் சொம்பைக்கூட நகர்த்த மாட்டாள். அவளைக் கூட்டி வந்து காட்ட வேண்டும்.

அப்போதுதான் ஆரன் சத்தம். ஒரு வண்டி இல்லை, தெரு முழுக்க. பாம், பாம் என்று ஒவ்வொரு கேட்டிலும் ஒரு வண்டி நிற்கிறது, திறக்க ஆள் இல்லை. என்னவென்று எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வயதான வாட்ச்மேன்கள், அரைக்கால் டவுசரும் சாயம் போன பனியனுமாய் வந்து, தாழ்ப்பாளை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் புது ஆட்கள் போல. ஒருத்தரையொருத்தர் பார்த்து, "உங்களுக்கும் திறக்கலையா?" என்று வேறு கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆறாம் நம்பர் வாசலில் தண்ணி லாரி. வாட்ச்மேன் நாற்காலி பக்கத்தில் ஒரு பெரியவர். எழுபது வயது இருக்கும். லாரிக்காரர் சத்தம் போடுகிறார்.

"யோவ் பெரிசு, சம்ப் எங்கய்யா இருக்குது?"

"தெரியலையேப்பா."

"தெரியலையா? அப்புறம் இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு இருக்க? வேலைக்குப் புதுசா?"

"அஞ்சு நிமிஷம் பாத்துக்கச் சொன்னாங்க. அதான் உக்காந்தேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடினேன். "வயசான மனுஷன்கிட்ட இப்படியா பேசுவீங்க? நகருங்க," என்றேன். எங்கள் வீட்டில் சம்ப் கேட்டுக்கு வலப்பக்கம், பூந்தொட்டிக்கு அடியில். அங்கேயும் அதேதான். நானும் பெரியவருமாய்த் தொட்டியை நகர்த்தி மூடியைத் தூக்கினோம். அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் ஒரு குஷி! "இது இங்கயா இருக்கு!" என்று புதையலைப் பார்த்த மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வேலைக்கு வந்தா முதல்ல இதையெல்லாம் கேட்டு வச்சுக்கிடணும்," என்றேன். "உங்க பேரு?"

என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். "ஜெகதீசன்," என்றார்.

"வாங்க, சுண்டல் சாப்பிடலாம்."

"நானா?"

அவருக்கும் அதே கேள்வி! அந்தத் தெருவின் தண்ணீரில் ஏதோ இருக்கிறது. "நீங்கதான், வாங்க," என்று கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டேன்.

இனிமேல் நடந்ததைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். அவர் உள்ளே நுழைந்ததும் கும்மி அப்படியே நின்றுவிட்டது. பூச்செல்வி அக்காவின் வீட்டுக்காரர் அழகர், கையில் இருந்த சுண்டல் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டார். பூச்செல்வி அக்கா விருட்டென்று எழுந்து நின்றார். தன் வீட்டு வாட்ச்மேன் வந்ததற்கு எழுந்து நிற்கிற வீட்டுக்காரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

"உக்காரு பூச்செல்வி," என்றார் அண்ணாச்சி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணாச்சி! வீட்டம்மாவைப் பேரச் சொல்லியா கூப்பிடறது? நல்ல பழக்கமா இது?"

முப்பத்தொரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், படியில் பொட்டோடு உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார்.

"தப்புதான்மா," என்றார். அப்புறம் பூச்செல்வி அக்காவைப் பார்த்துக் கைகுவித்து, "உக்காருங்க பூச்செல்வி அம்மா," என்றார்.

பூச்செல்வி அக்கா உட்காரவில்லை, விழுந்தார். நல்ல வேளை, பின்னால் சோபா இருந்தது. "அக்கா, அவரு வந்து... நாங்க வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"சுண்டல் ஆறுது," என்றார் அண்ணாச்சி. "எல்லாரும் சாப்பிடுங்க. கேட்டை நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல? பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

அதற்கப்புறம் அவர் அடித்த கூத்து! படியில் சீரியல் பல்பு எரியாமல் கிடந்ததை நோண்டி எரிய வைத்தார். பிள்ளைகளைத் தூக்கிக் கிருஷ்ணரைக் காட்டினார். கும்மியில் சேர்ந்து தப்பு தப்பாய்த் தட்டினார். அழகர் அண்ணன் மட்டும் மூலையில் வேர்த்துக்கொண்டே நின்றார். சில வாட்ச்மேன்கள் அப்படித்தான், வீட்டுக்காரரையே மிரட்டி வைத்திருப்பார்கள். பூச்செல்வி அக்காவிடம் தனியாகச் சொன்னேன், "ரொம்ப இடங்குடுக்காதீங்க, ஆனா பாவம், கேபின்ல ஒரு ஃபேன் மாட்டி விடுங்க, வயசானவரு."

"அவருக்கு ஏசி இருக்குக்கா," என்றார் அழுகிற குரலில்.

ஏசி! வாட்ச்மேனுக்கு! இதற்கு மேல் ஒரு மனுஷத்தனம் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

ஆறரை மணிக்கு இவர் வந்தார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து வீடு மாறிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தாராம். நான் ஓடிப்போய் இழுத்து வந்தேன். "எண்ணிப் பாருங்க! ஒரு ஆள் கேட்டேன், முப்பத்திரண்டு பேரு!" இவர் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தார். அழகர் அண்ணனைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் டவுசரோடு ஏணியில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தார். உடனே, "சார், நீங்க..." என்று பதறிக்கொண்டு போனார். இவர் அப்படித்தான், லிஃப்ட்காரரையும் சார் என்பார். அண்ணாச்சி இறங்கி வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, காதில் ஏதோ சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். சந்தோஷம் இருக்காதா? நாலு வருஷம் காத்திருந்த மாற்றல்!

மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டார். நான்தான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து அண்ணாச்சி தினமும் பதினொரு மணிக்கு வந்துவிடுவார். "இன்னைக்கு என்ன சுண்டல்?" என்பார். கொண்டைக்கடலை, மொச்சை, பச்சைப்பயறு, எல்லாவற்றுக்கும் மார்க் போடுவார். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. அவ்வளவு பேச்சை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாரோ! மகன் பாஸ்டனில் இதய டாக்டர் என்று ஒருநாள் சொன்னார். மகள் லண்டனில் வக்கீல் என்றார். பாவம். வாட்ச்மேன் வேலைக்கு வந்த இடத்தில் மனுஷனுக்கு ஒரு பெருமை வேண்டாமா? நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "பாஸ்டன் நல்ல ஊருதான் அண்ணாச்சி, ஆனா குளிரும்," என்றேன். "ஆமாம்மா, ரொம்பக் குளிரும்," என்றார். "ஃபோன்லயே குளிரும்."

சரி, என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆங், எனக்கு ஒரே ஒரு குறை மிச்சம். அவர்கள் எல்லாம் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஒரு வீட்டையும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பூச்செல்வி அக்காவிடம் கேட்டால், "பெயிண்ட் அடிக்கிறாங்கக்கா" என்பார். ரெண்டு நாள் கழித்துக் கேட்டால், "பூச்சி மருந்து அடிச்சிருக்கு" என்பார். எட்டாம் நம்பரின் ஏழு பாத்ரூமையாவது காட்டச் சொன்னேன், "இன்னும் கழுவலக்கா" என்றுவிட்டார். விஜயதசமி அன்றைக்கு அண்ணாச்சியிடம் இதைச் சொல்லி மூக்கால் அழுதேன்.

அவர் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் காட்டறேன், வாங்க."

"ஐயோ, வீட்டுக்காரங்க?"

"அழகரும் பூச்செல்வி அம்மாவும் கோயிலுக்குப் போயிருக்காங்க. வர ஒரு மணி நேரம் ஆகும்."

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"போனா போகட்டும்மா, இப்படி ஒரு வேலை."

அவர் நேரே முன்வாசலுக்குப் போகிறார்! நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணாச்சி, யாராவது பாத்தா? பின்பக்கமாப் போவோம்." ரெண்டு பேரும் குனிந்துகொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மதில் ஓரமாய் நடந்து அடுக்களைக் கதவு வழியாக நுழைந்தோம். எனக்கு நெஞ்சு டமார் டமார் என்கிறது, அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, தோள் குலுங்குகிறது. "உஷ்!" என்கிறேன். "உஷ்!" என்று எனக்கே திருப்பிச் சொல்கிறார்.

காபி போட்டுத் தருகிறேன் என்று டப்பா டப்பாவாய்த் திறந்தார். மிளகாய்ப்பொடி, ரவை, வெந்தயம். வாட்ச்மேனுக்குச் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நான்தான் தேடி எடுத்துப் போட்டேன். ஹாலுக்கு வந்து, டம்ளரோடு அவர் பாட்டுக்குப் பெரிய சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, எந்திரிங்க! உங்களுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கா?"

சட்டென்று எழுந்தார். தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். நானும் எதிரே உட்கார்ந்தேன். அண்ணாந்து சுற்றிலும் பார்த்தார். "தரை எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு பாத்தீங்களா," என்றார். "தெரியவே தெரியாது."

அங்கே சுவரில் ஒரு பெரிய போட்டோ. கோட்டு சூட்டு போட்ட ஒருத்தர், கறுகறுவென்று மீசை, ஊரையே அதட்டுகிற முகம். பக்கத்தில் ஒரு அம்மா, வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். போட்டோவின் ஒரு பக்கமாக, அந்த அம்மாவின் மேல் மட்டும், ஒரு சந்தன மாலை.

"யாரு அண்ணாச்சி அது?"

"அதுதான்மா வீட்டுக்காரரு."

"அழகர் அண்ணனோட அப்பாவா?"

கொஞ்சம் யோசித்தார். "அப்படியே வச்சுக்கலாம்."

"அந்த அம்மா?"

"போயி ஆறு வருஷம், நாலு மாசம்," என்றார். அப்புறம், "பன்னெண்டு நாளு," என்றார். குரல் இறங்கிப் போனது. முதலாளி வீட்டு அம்மாவுக்காக நாள் கணக்கு வைத்திருக்கிற வாட்ச்மேன்! இப்படி விசுவாசம் யாருக்கு வரும்? எனக்கே கண் கலங்கிவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக, "அந்த மனுஷன் இருக்காரா?" என்று கேட்டேன். "நான் பாத்ததே இல்லியே."

"இருக்காரு. வெளியவே வரமாட்டாரு."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சிடுமூஞ்சி."

"ஆமாம்மா," என்றார் அண்ணாச்சி. போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரியான சிடுமூஞ்சி. பூச்செல்வி எட்டு வருஷமா இங்க இருக்கு. ஊரு எதுன்னு ஒரு நாள் கேட்டதில்ல அவரு."

மருமகளிடம் ஊரைக் கேட்காத மாமனாரும் இருக்கிறார் பாருங்கள்! எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. ஆனால் தனியாகக் கிடக்கிற மனுஷன் இல்லையா? உள்ளே எந்த ரூமில், எந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரோ என்றும் இருந்தது. அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

"அடுத்த வருசக் கொலுவுக்கு அவரையும் கூப்பிட்டுறணும் அண்ணாச்சி. எப்படிக் கூப்பிடுறதுன்னுதான் தெரியல. அவரு கோலமும் போட மாட்டாரு. நான் கூப்பிட்டா வருவாரா?"

அண்ணாச்சி காபி டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீங்க கூப்பிட்டதா நான் சொல்றேம்மா," என்றார். "நானே கூட்டிட்டு வர்றேன்."

வாட்ச்மேன் போய்ச் சொன்னால் அப்பேர்ப்பட்ட வீட்டுக்காரர் எழுந்து வருவாரா? நீங்களே சொல்லுங்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன் வரமாட்டார் என்று? அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறார்.

"சரி அண்ணாச்சி," என்றேன். "பராக்குப் பாத்துட்டு நிக்காம, அஞ்சு மணிக்கெல்லாம் கையோட கூட்டிட்டு வந்துருங்க."